எருது விடும் விழா – அன்றும் இன்றும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "எஞ்சினியரிங் சம்பந்தமா எதுவும் வேணாம்ப்பா, அதை யாரும் படிக்கிறதில்ல" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சரி, எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் எருது. அதைப் பற்றி எழுதுகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. எருது விடும் ஊரில் பிறந்து, ஓசூரில் இயந்திரங்களோடு காலம் தள்ளுகிறவன். குறை இருந்தால் வரலாறு படித்த நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்த திருவிழா

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு ஜூலை மாதம். ஹாஸ்டல் டி.வி. ரூமில் யாரோ சானல் மாற்றிக்கொண்டே வந்தார்கள். திடீரென்று திரையில் ஒரு குறுகலான தெரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஆட்கள் நூற்றுக்கணக்கில் தலைதெறிக்க ஓடுகிறார்கள். பின்னால் கொம்பு வைத்த காளைகள். பர்கூர் பக்கத்திலிருந்து வந்த என் அறைத்தோழன் துள்ளி எழுந்தான். "டேய்! இது நம்மூரு எருது வுட்றதுடா! இவனுங்க எப்படா கத்துக்கிட்டானுங்க?"

அறை முழுக்கச் சிரிப்பு. சேலத்துக்காரன் ஒருவன், "உங்க ஊர்ல இதெல்லாம் நடக்குதா?" என்று கேட்டான். ஸ்பெயின் நாட்டுத் திருவிழா அவனுக்குத் தெரிந்திருந்தது. அறுபது எழுபது கிலோமீட்டரில் நடக்கும் எங்கள் திருவிழா தெரியவில்லை. அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குள் தங்கிவிட்டது. இரண்டையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

பாம்ப்லோனாவின் கதை

அந்த ஊரின் பெயர் பாம்ப்லோனா. ஸ்பெயினின் வடக்கே நவார்ரா பகுதியின் தலைநகரம். ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 14 வரை, சான் ஃபெர்மின் என்ற கிறிஸ்தவப் புனிதரின் பெயரால் திருவிழா. 6-ஆம் தேதி நண்பகல் நகராட்சிக் கட்டடத்தின் பால்கனியிலிருந்து ஒரு ராக்கெட் வாணம் விட்டுத் தொடங்குகிறார்கள். மறுநாள் 7-ஆம் தேதியிலிருந்து 14 வரை தினமும் காலை 8 மணிக்குக் காளை ஓட்டம்.

முதலில் இந்தத் திருவிழா அக்டோபரில்தான் நடந்து வந்தது. அந்த மாதத்தில் குளிரும் மழையும் என்பதால் 1591-ல் ஜூலைக்கு மாற்றினார்கள். காளை ஓட்டம் பிறந்ததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. மாலையில் நடக்கும் காளைச் சண்டைக்காக, ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கும் மாடுகளைக் காலையில் தெரு வழியாக அரங்குக்குக் கொண்டுவர வேண்டும். மேய்ப்பர்கள் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? முன்னால் புகுந்து ஓடத் தொடங்கினார்கள். அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை. கடைசியில் அதுவே திருவிழாவின் உயிராகிவிட்டது.

ஓடும் தூரம் 875 மீட்டர். ஆறு சண்டைக் காளைகள், வழிகாட்டப் பழக்கப்பட்ட மாடுகள் சில. இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஓடுகிறவர்கள் முதலில் சுவரில் ஒரு மாடத்தில் இருக்கும் புனிதரின் சிறு உருவத்தின் முன் நின்று, கையில் சுருட்டிய செய்தித்தாளை ஆட்டிப் பாடிக் காப்பு வேண்டுவார்கள். முதல் வாணம் என்றால் பட்டி திறந்தாச்சு. இரண்டாவது வாணம், எல்லா மாடும் தெருவுக்கு வந்தாச்சு. மூன்றாவது, எல்லாம் அரங்குக்குள் போயாச்சு. நான்காவது, பட்டியில் அடைச்சாச்சு. நம்ம ஊர் மைக் செட் செய்யும் வேலையை அங்கே நான்கு வாணம் செய்கிறது.

எர்னஸ்ட் ஹெமிங்வே 1923-ல் முதல் முறையாக அங்கே போனார். 1926-ல் வந்த அவருடைய நாவல் அந்தச் சின்ன ஊரை உலகமெங்கும் கொண்டுபோனது. அதன் பிறகு வெளிநாட்டுக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் திருவிழா நின்றுபோனது.

நம்ம ஊர் எருது

இப்போது நம்ம பக்கம் வருவோம். எங்கள் கிராமம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டம்தான். அதற்கும் முன்னால், 1965 வரை, எல்லாமே சேலம் மாவட்டம். மாவட்டங்கள் பிரிந்தாலும் எருது அந்த எல்லைகளை மதிப்பதில்லை. எங்கள் ஊர் விழாவுக்குத் தருமபுரியிலிருந்தும் வரும், திருப்பத்தூரிலிருந்தும் வரும், ஆந்திராவில் குப்பத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வரும்.

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டில் வாடிவாசலிலிருந்து வரும் காளையின் திமிலைப் பிடித்துத் தழுவ வேண்டும். எருது விடுவதில் அப்படி இல்லை. ஊர்த் தெருவின் ஒரு முனையில் எருதை அவிழ்த்து விடுவார்கள். இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும். நடுவில் எருது ஓடும். சில ஊர்களில் குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு. ஓசூர், சூளகிரிப் பக்கம் கொம்புகளில் வண்ணத் தட்டி கட்டி விடுவார்கள். ஓடும் எருதிலிருந்து தட்டியைப் பறிப்பவன் வீரன். சேலம் பக்கம் எருதாட்டம் என்று ஒன்று உண்டு. எருதுக்குக் கயிறு கட்டி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பொம்மை காட்டிச் சீண்டி விளையாடுவது. இதுபோல் சித்தூர் மாவட்டத்தில் பசுவுல பண்டுக, கர்நாடகத்தில் ஹாவேரி, சிவமொக்கா பகுதியில் ஹோரி ஹப்ப என்று நடக்கின்றன. அங்கே எருதின் கழுத்தில் கொப்பரைத் தேங்காயைக் கோத்து மாலையாகக் கட்டி ஓட விடுவார்கள்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் பேச்சு தொடங்கிவிடும். அறுவடை முடிந்து எருதுக்கு வேலை இல்லாத காலம். அப்போது அதை நான்கு பேர் முன்னால் ஓடவிட்டுக் காட்டினால் அதன் கால், அதன் மூச்சு, அதன் துணிச்சல் எல்லாம் தெரிந்துவிடும். நன்றாக ஓடிய எருதுக்குச் சந்தையில் விலை ஏறும். இனவிருத்திக்கும் அதைத்தான் தேடுவார்கள். விளையாட்டு என்று சொன்னாலும் உள்ளே ஒரு கணக்கு இருந்தது.

விழா அன்று விடியலிலேயே எருதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, சலங்கை கட்டி, மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவோம். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு. சின்னப் பையன்களான நாங்கள் மொட்டை மாடியில். "அடுத்து வர்றது நம்ம ஊரு எருது, ஓரம் போ, ஓரம் போ" என்று மைக்கில் கத்துவார்கள். ஒருத்தரும் ஓரம் போக மாட்டார்கள்.

ஸ்பானிய மொழியில் அவர்கள் ஓட்டத்துக்கு என்சியெர்ரோ என்று பெயர். அதற்கு அர்த்தம் அடைப்பது. நாம் சொல்வது விடுவது. பெயரிலேயே வித்தியாசம் இருக்கிறது. அங்கே காலையில் ஓடிய காளை அன்று மாலை அரங்கத்தில் கொல்லப்படும். இங்கே சாயங்காலம் வீட்டுக் கொட்டாய்க்குத் திரும்பி ராகித் தாளும் கொள்ளும் தின்னும். அடுத்த வருஷமும் ஓடும். ஓடி ஓய்ந்த எருதை வயதான காலத்திலும் விற்காமல் வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

கல்லில் நிற்கும் சங்கன்

இது எவ்வளவு பழசு? கலித்தொகையில் முல்லைக்கலி ஏறு தழுவுதலை விரிவாகப் பாடுகிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை ஒன்றில் மாடு ஆட்களைத் தூக்கி எறிகிற காட்சி இருக்கிறது. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நம்ம பகுதிக்கே உரிய சாட்சி நடுகற்கள்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் பெற்றது. படிக்கும் காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் தருமபுரி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தவர்கள் அவற்றைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவை மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளைச் சொல்பவை. மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறுவை மீட்கப் போய் இன்னார் பட்டான் என்று எழுதியிருக்கும். பட்டான் என்றால் உயிர் விட்டான். அதியமான் ஆண்ட தகடூர் நாட்டில் மாடுதான் செல்வம். அதற்காகச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டார்கள்.

சேலம் அருங்காட்சியகத்தில் வேறு மாதிரி ஒரு நடுகல் இருக்கிறது. சேலம் மாவட்டம் கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்தது. அதில் ஒரு ஆள் காளையோடு மல்லுக்கட்டுகிறான். கோவுரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடிப் பட்டான் என்றும், அவன் மகன் பெரிய பயல் இந்தக் கல்லை நட்டான் என்றும் எழுத்து சொல்கிறது. பல நூற்றாண்டு பழைய கல்.

முதல் தடவை அதன் முன் நின்றபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டையில் செத்தவனுக்கு எந்தச் சொல்லோ, விளையாட்டில் செத்தவனுக்கும் அதே சொல். ராஜா யாரும் வைக்கவில்லை, பெற்ற மகன் வைத்திருக்கிறான். அப்பா எப்படிச் செத்தார், எந்த ஊரில் செத்தார் என்று மறக்காமல் எழுதி வைத்திருக்கிறான்.

மாமாவின் தொடை

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பக்கத்து ஊர் எருது விடும் விழாவில் என் தாய்மாமாவைக் குத்திவிட்டது. அவர் எருது பிடிக்கப் போகவில்லை. தெரு முடிகிற இடத்தில் டீக்கடை ஓரம் நின்று கையில் கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தார். ஓடி முடித்த எருது நிற்கத் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தொடையில் இத்தனை ஆழம். கிருஷ்ணகிரி கொண்டுபோய், அங்கிருந்து தருமபுரி கொண்டுபோய், இரண்டு மாசம் படுக்கை. இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அந்த மாமாதான் இன்றும் எருது வளர்க்கிறார்! "மாமா, அந்தக் கோபம் இல்லையா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "எருது மேல என்னா கோவம் மாப்ள? அது ஓடுது. ஓடற எடத்த கட்டி வெச்சானுங்க, நிக்கற எடத்த கட்டலையே" என்றார்.

படிக்காத மாமா சொன்னது எஞ்சினியர் சொல்ல வேண்டிய வார்த்தை. எஞ்சினியரிங் வேண்டாம் என்றார்கள், ஒரே ஒரு கணக்கு மட்டும் அனுமதியுங்கள். 400 கிலோ எருது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 14,000 ஜூல். 70 கிலோ ஆள் ஒருவன் ஆறு மாடி உயரத்திலிருந்து கீழே விழும்போது அவனுக்கு இருக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே. அத்தனையும் ஒரு கொம்பின் நுனியில் வந்து நிற்கிறது. அதன் முன் நாம் கட்டுவது சவுக்குக் கட்டையும் சணல் கயிறும்.

பாம்ப்லோனாவில் 1939-ல் ஒரு காளை வேலியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஒரு பெண்ணைக் குத்தியது. அதற்குப் பிறகுதான் அங்கே இரட்டை வேலி வந்தது. ஓடுகிறவன் தப்பி நுழைய முதல் வேலியில் இடைவெளி. இரண்டு வேலிக்கும் நடுவில் மருத்துவ உதவிக்காரர்களும் போலீசும். வேடிக்கை பார்ப்பவர்கள் இரண்டாவது வேலிக்கு வெளியே. 18 வயது ஆகாதவர்கள் ஓடக்கூடாது. திருப்பத்தில் மாடு வழுக்கி விழுவதைப் பார்த்து, 2005 முதல் அந்த இடத்தில் வழுக்காத திரவம் தெளிக்கிறார்கள். 1910-லிருந்து அங்கே ஓட்டத்தில் இறந்தவர்கள் 16 பேர், கடைசி மரணம் 2009-ல். யார், எந்தத் தேதி, எந்த இடம் என்று ஒவ்வொன்றும் பதிவில் இருக்கிறது.

நம்ம பக்கம்? 2023 ஜனவரியில் தருமபுரிக்குப் பக்கத்திலேயே தடங்கத்தில் நடந்த ஜல்லிக்கட்டில் மாடு குத்தி இறந்தது 14 வயதுப் பையன். அவனும் பார்க்கப் போனவன்தான். ஒவ்வொரு வருஷமும் தை, மாசியில் இப்படிச் செய்தி வருகிறது. மறுநாள் பேப்பரில் நான்கு வரி, அத்தோடு சரி. நூறு வருஷத்தில் எருது விடும் விழாக்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எந்த ஊரிலாவது ஒரு நோட்டு இருக்கிறதா? எங்கள் ஊரில் இல்லை. அதனால் எந்த இடத்தில் அடிபடுகிறார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷமும் அதே இடம் திறந்து கிடக்கும்.

கோர்ட்டும் ரோடும்

சட்டத்தின் கதை பலருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-ல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு, வித்தை காட்டத் தடை உள்ள விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் முழுத் தடை போட்டது. மூன்று பொங்கல் தெரு காலியாகக் கிடந்தது. மாமா எருதைக் கொட்டாயிலேயே கட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பலர் விற்றுவிட்டார்கள்.

2017 ஜனவரி மெரினா போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரியிலும் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ல் சட்டசபையில் மசோதா. அந்தச் சட்டத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் நடத்தலாம். 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

நடுவில் ஒரு கசப்பான நாளும் உண்டு. 2023 பிப்ரவரி 2-ல் ஓசூருக்குப் பக்கத்தில் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானது என்று ஜனம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. பல மணி நேரம் வண்டிகள் நின்றன. பஸ்கள் மீது கல் விழுந்தது. எனக்குத் தெரிந்தவர்களும் அந்த நெரிசலில் குழந்தைகளோடு மாட்டிக்கொண்டிருந்தார்கள். விழா வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் இது பண்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எருதும் குறைகிறது

இன்னொரு கவலையும் இருக்கிறது. நம்ம மாவட்டத்தின் சொந்த மாடு ஆலம்பாடி. காவிரிக் கரையில் ஒகேனக்கலுக்குப் பக்கத்து ஆலம்பாடி ஊர்ப் பெயர் அது. பென்னாகரம் பகுதியில் வளர்ந்த இனம். கரும் சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னுக்கு வளைந்த கொம்பு. உழவுக்கும் வண்டிக்கும் அதற்கு நிகர் இல்லை என்பார்கள். (பர்கூர் மாடு என்றதும் கிருஷ்ணகிரி பர்கூரை நினைக்காதீர்கள். அது அந்தியூர் மலையில் இருக்கும் பர்கூர்.) டிராக்டர் வந்ததும் ஏர் போனது, ஏர் போனதும் எருது போனது. ஆலம்பாடியைக் காப்பாற்ற கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நம்ம மாவட்டத்தில் ஒரு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. இருந்தாலும் இன்று ஒரு விவசாயி வேலை இல்லாத எருதுக்கு வருஷம் முழுக்கத் தீனி போடுகிறான் என்றால், பெரும்பாலும் அந்த ஒரு நாள் ஓட்டத்துக்காகத்தான். விழா நின்றால் கொட்டாய் காலியாகும்.

நாம் என்ன செய்யலாம்?

வழக்கு ஜெயித்தாயிற்று. இனி விழாவை யாராவது நிறுத்த முடியும் என்றால் அது நம் அலட்சியம்தான். கலெக்டர் அனுமதி, கால்நடை டாக்டர் பரிசோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் எல்லாம் விதியில் இருக்கிறது. விழாக்குழுவில் அதையெல்லாம் அதிகாரிகளுக்காகச் செய்கிற காரியமாக நினைக்கிறோம். நமக்காக என்று நினைப்பதில்லை.

நம் கல்லூரியில் படித்தவர்கள் இந்த மூன்று நான்கு மாவட்டங்களில் ஊருக்கு ஒருவராவது இருக்கிறோம். உங்கள் ஊரில் எருது விட்டால் விழாக்குழுவில் போய் உட்காருங்கள். எருது ஓடும் தூரத்தை மட்டும் அளக்காமல், ஓடி முடித்து நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று அளந்து அந்த இடத்தையும் அடைக்கச் சொல்லுங்கள். ஒற்றை வேலியை இரட்டை வேலி ஆக்குங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை எருது, எத்தனை பேருக்கு அடி, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். ஐந்து வருஷம் எழுதினால் போதும், எங்கே கட்டை நட வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.

எங்கள் ஊரில் சென்ற இரண்டு வருஷமாக இதைத் தொடங்கியிருக்கிறோம். முதல் வருஷம் கேலி செய்தார்கள். "படிச்சவன் வந்தா எருதுக்கும் பரிச்சை வெப்பான்" என்றார் ஒரு பெரியவர். இரண்டாவது வருஷம் டீக்கடை முனையை அடைக்க அவரே தன் தோப்பிலிருந்து கட்டை வெட்டிக் கொடுத்தார். மாமா அங்கே நின்று ஒவ்வொரு கட்டையையும் ஆட்டிப் பார்த்தார்.

மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டுக்கு சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. பாம்ப்லோனாவுக்கு ஹெமிங்வே இருக்கிறார். எருது விடும் விழாவுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. இதைப் படிக்கும் மாணவர்களில் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அதுவரை விழாக்குழு நோட்டிலாவது எழுதி வைப்போம். படிப்பறிவு எட்டாத காலத்தில் சங்கனின் மகன் தன் அப்பாவுக்காக ஒரு கல்லில் எழுதி வைத்தான். பட்டம் வாங்கிய நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பெரிய காரியமா?

அடுத்த தையில் எங்கள் ஊருக்கு வாருங்கள். மொட்டை மாடியில் இடம் போட்டு வைக்கிறேன். அந்தச் சேலத்து நண்பனுக்கும் சேர்த்துத்தான் இந்த அழைப்பு.

வாழ்க நம் கல்லூரி!